பிளாஸ்டிக் தொட்டி உள்ள பிக்கப் வண்டியில் சரக்கு ரேக்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

டொயோட்டா டகோமா பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டி 2005-ஆம் ஆண்டு மாடலிலிருந்து முழுவதும் எஃகால் ஆனதன்று. வெளியே தெரியும் பக்கத் தகடுகள் எஃகாகவே இருக்கின்றன. ஆனால் சரக்கு அமரும் தளமும் உட்சுவர்களும், நறுக்கிய கண்ணாடியிழையையும் ரெசினையும் சேர்த்துச் சூடான அச்சில் அழுத்தி எடுத்த கலப்புப் பிளாஸ்டிக்கால் ஆனவை. சுவரின் மேல் விளிம்பைக் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்று மறைத்திருக்கிறது. உட்சுவரின் மேற்பகுதியில், சரக்குக் கட்டும் கொக்கிகளை வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ள உதவும் அலுமினிய ரெயில்கள் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கின்றன. இந்தத் தொட்டியின் மேல், சரக்கை உயரத்தில் ஏற்றும் சட்டமான ரேக்கை மாட்டியவர்களுக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை, எஃகுத் தொட்டிக்கு எழுதப்பட்ட முறையை மாற்றமின்றி இதற்கும் கடைப்பிடிப்பதால் வருபவை.

இங்கே இரண்டு வகைப் பிளாஸ்டிக் இருக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். தொட்டிச் சுவரின் கலப்புப் பிளாஸ்டிக் ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகாது, துருப்பிடிக்காது, அடிபட்டால் நசுங்குவதற்குப் பதிலாக விரிசல் விடும். விளிம்பு மூடியோ வெயிலில் இளகி, தொடர்ந்து அழுத்தினால் மெல்ல அமுங்கிக்கொண்டே போகும் வகை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஹோண்டா ரிட்ஜ்லைன், 2001 முதல் 2010 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஸ்போர்ட் டிராக், 2002 முதல் 2013 வரை வந்த ஷெவர்லே அவலாஞ்ச் ஆகியவற்றின் தொட்டிகளும் கலப்புப் பிளாஸ்டிக்கால் ஆனவையே என்பதால், கீழே சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும். போல்ட் வரும் இடங்கள் மட்டும் வண்டிக்கு வண்டி மாறும்.

அறிகுறிகளைத் தேடத் தொடங்குமுன் ஒரு கணக்கை முடித்துவிடுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள அட்டையில், ஆட்களும் சரக்கும் சேர்ந்து எவ்வளவு எடையைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். ரேக்கின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். அந்த வரம்பை மீறி ஏற்றும் வண்டிக்குக் கீழ்க்கண்ட எந்தத் தீர்வும் உதவாது. ரேக் செய்தவர் ஓடும் வண்டிக்கு ஓர் எடையும் நிற்கும் வண்டிக்கு வேறோர் எடையும் குறித்திருந்தால், சாலைக்கு உரியது முதல் எண்தான். கூரைக் கூடாரத்தில் இருவர் படுத்துறங்கலாம் என்பதற்காகச் சொல்லப்பட்ட பெரிய எண்ணைச் சரக்குக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: இறுக்கிய போல்ட் சில நாட்களிலேயே தளர்ந்துவிடுகிறது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. போல்ட் தளர்வதைத் தீர்க்காமல் சத்தத்தையோ ஆட்டத்தையோ விரிசலையோ ஆராய்வது வீண்வேலை.

தளர்ச்சியில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறியாமல் பசை பூசுவதும் நட்டை மாற்றுவதும் குருட்டு வைத்தியம். ஒன்று, அதிர்வினால் நட்டே சுழன்று கழல்வது. மற்றொன்று, நட் அசையாமல் இருக்க, அதன் கீழுள்ள பிளாஸ்டிக் அமுங்கிப் பிடிப்பு குறைந்துபோவது. பிரித்தறியும் வழி மிக எளியது. போல்ட்டை இறுக்கியவுடன் நட்டின் மேல் தொடங்கி வாஷரைத் தாண்டித் தகடு வரை, பெயின்ட் பேனாவால் ஒரே நேர்கோடு இழுங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு பாருங்கள். கோடு உடைந்து நட்டின் பகுதி விலகியிருந்தால் நட் சுழன்றிருக்கிறது. கோடு நேராகவே இருந்தும், டார்க் ரெஞ்சை (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வைத்தால் நட் முன்னைய அளவுக்கு முன்பே எளிதாகத் திரும்புகிறது என்றால், அமுங்கியது பிளாஸ்டிக்.

டகோமா போன்ற வண்டிகளில் விளிம்பு மூடியின் மேல் நேரடியாக ரேக்கின் பாதத் தகட்டை (காலின் அடியில் உள்ள தகடு) வைத்து இறுக்கியிருந்தால், அநேகமாக இரண்டாவதுதான் நடந்திருக்கும். காரணத்தை எண்களில் பார்த்தால் ஐயம் நீங்கும். எம்8 போல்ட் (8 மில்லிமீட்டர் விட்டமுள்ளது) ஒன்றை எண்ணெய் இல்லாமல் 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால், அது தரும் பிடிவிசை ஏறத்தாழ 15,000 நியூட்டன்; அதாவது ஒன்றரை டன் எடை அந்த வாஷரின் மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். சாதாரண எம்8 வாஷரின் வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர். துளையைக் கழித்தால் அது தொடும் பரப்பு 145 சதுர மில்லிமீட்டர்தான். ஆகவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 100 நியூட்டனுக்கு மேல் விழுகிறது. விளிம்பு மூடிகளுக்குப் பொதுவாகப் பயன்படும் பாலிபுரொப்பிலீன் வகைகள் 30 நியூட்டனை ஒட்டியே நிரந்தரமாக அமுங்கத் தொடங்கிவிடும். வெயிலில் அந்த எல்லை இன்னும் இறங்கும். 24 மில்லிமீட்டர் அகல வாஷருக்கு மாறினாலும் அழுத்தம் 40-ஐ ஒட்டியே நிற்கிறது. எனவே 'பெரிய வாஷர் போடுங்கள்' என்ற பரவலான அறிவுரை பாதி உண்மைதான். (இங்கே 25 என்பதைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டேன், உங்கள் ரேக்கின் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்கு உரியது.)

அப்படி அமுங்கிய இடத்தைக் கழற்றிப் பார்த்தால் சான்று கண்முன்னே இருக்கும். வாஷர் இருந்த இடத்தில் மூடியின் சொரசொரப்பு முற்றிலும் மறைந்து, கண்ணாடிபோல் பளபளக்கும் வட்டம் ஒன்று தெரியும். அதன் விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் மெல்லிய வரப்பாக எழும்பியிருக்கும். விரல் நுனியால் தடவினாலே பள்ளமும் வரப்பும் தட்டுப்படும். போல்ட் ஆடியும் இருந்தால் பள்ளத்தின் ஓரத்தில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். இந்த வட்டத்தைப் பார்த்த பிறகும் அதே இடத்தில் மேலும் இறுக்குவது பள்ளத்தை ஆழமாக்குமே ஒழியப் பிடிப்பைத் திருப்பித் தராது.

இதற்கான தீர்வு, போல்ட்டின் விசை விளிம்பு மூடியின் பிளாஸ்டிக்கைத் தொடாமல் நேரே ரெயிலுக்கோ கீழுள்ள சுவருக்கோ போகும்படி வழி அமைப்பது. மூன்று வழிகள் உள்ளன. என் தேர்வு வரிசையில் சொல்கிறேன். முதலாவது, விளிம்பு மூடியை முழுவதுமாக விட்டுவிட்டு, தொழிற்சாலை பொருத்திய அலுமினிய ரெயிலிலேயே ரேக்கின் கால்களைப் பொருத்துவது. ரெயிலின் பள்ளத்துக்குள் செல்லும் நட், ரெயிலின் உதட்டை முழு நீளத்தில் பற்ற வேண்டும். சிறிய நட் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத்தை மட்டும் கவ்விக்கொண்டிருந்தால் உதடு வளைந்துவிடும். இரண்டாவது, மூடியில் பாதத் தகட்டைவிடச் சுற்றிலும் 5 மில்லிமீட்டர் பெரிதாக ஜன்னல் வெட்டி, தகடு நேரே கீழுள்ள சுவர் விளிம்பில் அமரச் செய்வது. மூன்றாவது, துளைக்குள் எஃகுக் குழல் ஒன்றை ஸ்பேசராக இறக்குவது. குழலின் நீளம் அந்த இடத்துப் பிளாஸ்டிக்கின் தடிமனுக்குச் சமமாகவோ பத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைவாகவோ இருக்க வேண்டும். தடிமனை வெர்னியர் வைத்து, போல்ட் வரும் இடத்திலேயே அளந்துகொள்ளுங்கள். மூடியின் அடியில் விலா எலும்புபோல் எழும்பியுள்ள தடிப்புகள் காரணமாக இரண்டு அங்குலம் தள்ளி அளந்தால் வேறு எண் வரும். குழல் நீளமாக இருந்தால் மூடி கடகடவென ஆடும். குட்டையாக இருந்தால் விசை மீண்டும் பிளாஸ்டிக்குக்கே போகும்.

பாதத்தின் கீழ் ரப்பர் திண்டு வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயின்டைக் காக்க ஒரு மில்லிமீட்டர் மெல்லிய திண்டு போதும். ஐந்து மில்லிமீட்டர் மிருதுவான ரப்பரை வைத்து இறுக்கினால், அது பிளாஸ்டிக்கைவிட விரைவாகவே அமுங்கி, நீங்கள் தீர்க்க வந்த சிக்கலை மேலும் ஒரு மடங்காக்கும்.

கோடு உடைந்து நட் சுழன்றிருந்தால் வேறு வைத்தியம்: நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தானாகக் கழலாதது) போடுங்கள், அல்லது திருகுப் பசை பூசுங்கள். பசையில் ஓர் எச்சரிக்கை உண்டு. காற்றுப் படாத இடத்தில் இறுகும் திரவத் திருகுப் பசைகள், ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் வழிந்தால் நுண்விரிசல்களை உண்டாக்கும். பிளாஸ்டிக் அருகில் இருக்கும் இடங்களில் நைலாக் நட்டே பாதுகாப்பானது. பிளந்த ஸ்பிரிங் வாஷரை நான் பரிந்துரைப்பதில்லை. முழுதாக இறுக்கிய போல்ட்டின் கீழ் அது தட்டையாகிவிடுவதால், பெயருக்கு இருக்கிறதே தவிர நட் சுழல்வதைத் தடுப்பதில்லை.

அறிகுறி: வெயில் ஏறினால் விளிம்பு மூடி வளைந்து மேலெழும்புகிறது, குளிரில் மீண்டும் படிந்துவிடுகிறது

மூடி கெட்டுவிட்டது என்று புதியது வாங்கிப் போடுகிறார்கள். புதியதும் அதே கோடையில் அப்படியே வளைகிறது. வெப்பத்தில் பிளாஸ்டிக் நீளும் அளவு எஃகைவிடப் பல மடங்கு என்பதே காரணம். டகோமாவின் குட்டைத் தொட்டி ஏறத்தாழ 154 சென்டிமீட்டர் நீளம். அமெரிக்காவின் அரிசோனா போன்ற இடத்தில் விடியற்காலை 10 டிகிரியில் இருந்த கறுப்பு மூடி, நண்பகல் வெயிலில் 60 டிகிரிக்குப் போவது இயல்பு. அந்த 50 டிகிரி வேறுபாட்டில், மூடி அதன் கலப்பைப் பொறுத்து 5 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீள முயலும். அதே நீளமுள்ள எஃகு ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. தொழிற்சாலை மூடியில் கிளிப்புகள் அமரும் துளைகள் நீள்வட்டமாக இருப்பது இந்த நகர்வுக்கு இடம் தரவே. ரேக்கின் நான்கு பாதங்களால் நான்கு இடத்தில் மூடியைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டால், நகர வழியில்லாத பிளாஸ்டிக் நடுவில் வில்லாக வளைந்து எழும்புகிறது.

ஆகவே மூடியைப் போல்ட்டால் பிடிக்கக் கூடாது. போல்ட் மூடியின் ஊடே கடந்து செல்ல மட்டுமே வேண்டும். மேலே சொன்ன ஜன்னலை வெட்டியிருந்தால் இந்தச் சிக்கலும் அதோடு தீர்ந்தது. குழல் முறையில் செய்பவர்கள், மூடியின் நடுவிலுள்ள ஒரு துளையை மட்டும் குழலுக்குப் பொருத்தமாகத் துளைத்து, முனைகளை நோக்கிய துளைகளை வண்டியின் நீளவாக்கில் முன்னும் பின்னும் 4 மில்லிமீட்டர் நீட்டி அரத்தால் தேய்த்துவிடுங்கள். ஏற்கெனவே வளைந்த மூடியைக் கழற்றி, தட்டையான தரையில் வெயிலில் போட்டு வைத்தால் பெரும்பாலும் பழைய வடிவுக்கு வரும். ஹாட் ஏர் கன் வைத்து நிமிர்த்துவது கை பழகியவர்களுக்கு மட்டும்; சொரசொரப்பு ஓரிடத்தில் பளபளப்பாக மாறினால் அதை மீட்க முடியாது.

அறிகுறி: போல்ட் துளையைச் சுற்றியோ தொட்டியின் பின்மூலையிலோ விரிசல்

விரிசலைக் கண்டால் முதலில் சரக்கை இறக்குங்கள். பிறகு விரிசல் எந்தப் பிளாஸ்டிக்கில் இருக்கிறது என்று பாருங்கள். விளிம்பு மூடியில் மட்டும் இருந்தால் அது அழகுக் குறைபாடு. பாரம் தாங்குவது மூடி அன்று. தொட்டிச் சுவரில் இருந்தால் அது கட்டுமானச் சிக்கல்.

கலப்புப் பிளாஸ்டிக்கின் விரிசலுக்கு ஒரு முகம் உண்டு. துளையிலிருந்து வெளிநோக்கி வெள்ளைக் கோடுகள் நட்சத்திரமாகப் பரவியிருக்கும். இன்னும் முற்றியிருந்தால் பிளவின் உதடுகளில் கண்ணாடியிழைகள் மயிரிழைகளாக நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை இல்லாமல் தடவ வேண்டாம். அவை தோலில் ஏறினால் நாள்கணக்கில் அரிக்கும். கண்ணுக்குத் தெரியும் கோட்டோடு சேதம் முடிவதில்லை என்பதால், ஒரு நாணயத்தை எடுத்து விரிசலைச் சுற்றிச் சிறிது சிறிதாக நகர்த்தித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் எல்லையைப் பென்சிலால் வரைந்துவிட்டால் பழுதுபார்க்க வேண்டிய பரப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

துளையைச் சுற்றிய விரிசலுக்குப் பெரும்பாலும் துளைத்த விதமே காரணம். ரிவெட் நட் பொருத்துவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. ரிவெட் நட் என்பது துளைக்குள் உப்பிப் பிடிப்பது. எஃகுத் தகடு அந்த உப்பலுக்கு விட்டுக்கொடுக்கும், கலப்புப் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்காமல் பிளக்கும். துளையிடத்தான் வேண்டும் என்றால் கூரான டிரில் பிட், குறைந்த வேகம், பின்பக்கம் அழுத்திப் பிடித்த மரக்கட்டை ஆகிய மூன்றும் வேண்டும். மரக்கட்டை இல்லாவிட்டால் பிட் வெளிவரும் பக்கத்தில் அடுக்குகள் சில்லாகப் பெயரும். போல்ட்டைவிடத் துளை அரை மில்லிமீட்டராவது பெரிதாக இருக்கட்டும். துளையின் நடுவுக்கும் சுவரின் விளிம்புக்கும் இடையே போல்ட் விட்டத்தைப் போல் மூன்று மடங்கு தூரமாவது இருக்கட்டும். வெட்டிய விளிம்பில் இழைகள் வழியே ஈரம் ஏறாதபடி எபாக்சி தடவி மூடுங்கள். பின்பக்கத்தில் வாஷர் போதாது. குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனும் உள்ளங்கை அகலமும் உள்ள, மூலைகள் உருட்டப்பட்ட எஃகுத் தகடு ஒன்றைத் தாங்கலாக வையுங்கள். தகட்டின் மூலை கூராக இருந்தால் அடுத்த விரிசல் அந்த மூலையிலிருந்தே தொடங்கும்.

பின்மூலை விரிசலுக்குக் காரணம் வேறு. தொட்டியின் முன்பக்கம் சுவரால் மூடியது; பின்பக்கம் திறந்து மூடும் கதவு. ஆகவே பக்கச் சுவர்களின் பின்முனைகளை ஒன்றோடொன்று கட்டிப்போட மேலே ஒன்றுமில்லை. ரேக்கில் உயரமாக ஏற்றிய பாரம் வளைவுகளில் பக்கவாட்டில் இழுக்கும்போது, அந்த முனைகள் வெளியே விரிந்து உள்ளே மடங்கும். எஃகாக இருந்தால் அந்த வளைவைப் பொறுத்துக்கொள்ளும். கலப்புப் பிளாஸ்டிக்கில் அதே மடிப்பு திரும்பத் திரும்ப நிகழும்போது, சுவரும் தளமும் சேரும் மூலையில் கோடு விழுகிறது. டகோமாவுக்கென்றே பின்மூலை வலுவூட்டும் எஃகுத் தகடுகள் தனியாக விற்கப்படுகின்றன. ரேக்கில் கனமான எதையும் நிரந்தரமாக வைத்திருப்பவர்கள் அவற்றைப் போட்டுக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான கருத்து; விரிசல் வந்த பிறகு போடுவதைவிட, ரேக் வாங்கும் அன்றே சேர்த்து வாங்குவதே முறை. ரேக்கின் பின்கால்களைக் குறுக்குச் சட்டம் ஒன்று திடமாக இணைத்திருப்பதும் இந்த விரிவைக் குறைக்கும்.

சுவரில் ஏற்பட்ட விரிசலைப் பழுதுபார்க்க, முதலில் அது மேலும் ஓடாதபடி முனையில் 3 மில்லிமீட்டர் துளை இடுங்கள். பென்சில் எல்லைக்கு வெளியே வரை இருபுறமும் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கலப்புப் பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள இருபகுதி எபாக்சிப் பசையில் கண்ணாடியிழைத் துணியைத் தோய்த்து, பின்பக்கத்தில் இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். முன்பக்கத்தில் மட்டும் பூசுவது கண்ணுக்கு நிறைவு தரும், பலம் தராது. தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் தூசி வடிக்கும் முகமூடி கட்டாயம். படகுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பழைய இறுகிய பரப்பில் அது எபாக்சி அளவுக்கு ஒட்டுவதில்லை. விளிம்பு மூடியின் விரிசலுக்கோ இந்த எபாக்சிகூட நிற்காது, ஏனெனில் பாலிபுரொப்பிலீன் எளிதில் எதையும் ஒட்டவிடாது. அதைப் பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது மூடியை மாற்ற வேண்டும்.

அறிகுறி: பிரேக் அடித்தால் ரேக் முன்னால் சாய்கிறது, அல்லது பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கிக்கொள்கிறது

போல்ட்டுகள் இறுக்கமாகவே இருந்தும் ரேக் சாய்கிறது என்றால் பாரத்தின் உயரத்தைப் பாருங்கள். 70 கிலோ எடை, ரெயிலிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது அது முன்னோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 550 நியூட்டன். அடியில் அது தரும் சாய்க்கும் திருப்பம் 275 நியூட்டன் மீட்டர். குறுக்காகத் தாங்கும் முட்டு எதுவும் இல்லாமல் நான்கு நேர்கால்களே அதைப் பங்கிட்டால், காலுக்கு 69 நியூட்டன் மீட்டர். ஒரு பாதத்தில் உள்ள இரண்டு போல்ட்டுகளும் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், பின் போல்ட்டை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 690 நியூட்டன். ஒரு முழு மனிதர் அந்தப் போல்ட்டைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். பாதம் நீண்டு, போல்ட்டுகள் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்தால் இது பாதியாகிவிடும். ஆகவே ரேக் வாங்கும்போது சட்டத்தின் கனத்தைவிடப் பாதத்தின் நீளத்தையே முதலில் பாருங்கள். இருக்கும் ரேக்கில், முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே சாய்வுக் கம்பி ஒன்றைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்துவதே மலிவான திருத்தம். பாரத்தைத் தாழ்த்த முடிந்தால் அது அதைவிட மேல்.

சி வடிவக் கிளாம்ப் போட்டுப் பிடித்த ரேக்குகள் முன்னோக்கி வழுக்கிச் செல்வதுண்டு. கிளாம்ப் உராய்வை மட்டுமே நம்பியது. பிளாஸ்டிக் அமுங்க அமுங்க அந்த உராய்வு போய்விடும். கிளாம்பை மேலும் இறுக்குவதற்குப் பதிலாக, முன்பாதத்துக்கு முன்னால் ரெயிலின் பள்ளத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் போல்ட் இட்டு நிறுத்துங்கள். உராய்வு தோற்றாலும் தடுப்பு நிற்கும்.

முறுக்கல் வேறு விஷயம். டகோமாவில் ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் மேல் தனித்தனியாக அமர்ந்தவை. மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் சாயும். அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளி அதற்காகவே விடப்பட்டது. தொட்டியிலுள்ள ரேக்கை அறையின் கூரைச் சட்டத்தோடு கம்பியால் இணைத்திருந்தால், அந்த இணைப்பை இன்றே கழற்றிவிடுங்கள். நீளமான ஏணியையோ படகையோ இரண்டின் மேலும் சேர்த்து ஏற்ற வேண்டியிருந்தால், ஒரு முனையை இறுகக் கட்டி, மறுமுனை சற்று வழுக்கும்படி பட்டையால் மட்டும் பிடியுங்கள். முதல் தலைமுறை ரிட்ஜ்லைனிலும் அவலாஞ்சிலும் அறையும் தொட்டியும் ஒரே உடலாக இருப்பதால் இந்தச் சிக்கல் வராது.

அறிகுறி: சத்தம்

வேகத்தோடு மாறும் சத்தமா, சாலையின் மேடுபள்ளத்தோடு மாறும் சத்தமா என்று முதலில் கவனியுங்கள்.

வேகம் கூடக்கூட ஊளையிட்டு, வேகத்தைக் குறைத்தால் அடங்குவது காற்றின் வேலை. காற்று குறுக்குச் சட்டத்தைக் கடக்கும்போது மேலும் கீழுமாக மாறிமாறிச் சுழல்கள் பிரியும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருண்டைச் சட்டம் நொடிக்கு 220 முறை அதிர்வெண்ணில் முனகும். அது காதுக்கு நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஸ்வரம். சட்டத்தின் மேல் கயிறு ஒன்றைச் சுருளாக, இடைவெளி விட்டுச் சுற்றினால் சுழல்கள் ஒரே நேரத்தில் பிரிய முடியாமல் முனகல் அடங்கும். திறந்த பள்ளமுள்ள அலுமினியச் சட்டமாக இருந்தால், பள்ளத்தை ரப்பர் பட்டையால் மூடுவதே போதும்.

மேடுபள்ளத்தில் கிரீச்சென்று கேட்பது, பிளாஸ்டிக்கும் பெயின்ட் பூசிய உலோகமும் ஒட்டி ஒட்டி விடுபடுவதால் வருவது. பாதத்தின் ஓரம் மூடியைத் தொடும் இடத்தில் வழவழப்பான பாலியெத்திலீன் டேப் ஒட்டுங்கள், அல்லது சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பெட்ரோலியக் கிரீஸைத் தவிருங்கள். வண்டிகளில் பரவலாக உள்ள இபிடிஎம் ரப்பர் பட்டைகளை அது ஊதிப் பெருக்கிக் கெடுத்துவிடும். கடகடவென்று கேட்டால் முதல் அறிகுறிக்கே திரும்பிச் செல்லுங்கள்: எங்கோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது குழல் நீளமாகிவிட்டது. காலியான ரெயில் பள்ளத்தில் கிடக்கும் கொக்கிகளும் இப்படிச் சத்தமிடும் என்பதால் அவற்றை முதலில் இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: தொட்டி மூடி போட்டிருந்தும் உள்ளே தண்ணீர்

ரேக்கின் பாதம் தொட்டி மூடியின் ரப்பர் விளிம்பைத் தூக்கியிருக்கும். டார்ச்சை இரவில் தொட்டிக்குள் எரியவைத்து வெளியிலிருந்து பார்த்தால் ஒளி கசியும் இடமே தண்ணீர் புகும் இடம். அங்கே இபிடிஎம் ஸ்பாஞ்சுப் பட்டை ஒட்டினால் போதும். துளைகள் வழியாக வரும் நீருக்கு, போல்ட்டின் தலைக்கடியில் பியூட்டைல் டேப் வையுங்கள். அது இறுகாமல் என்றும் மிருதுவாக இருக்கும், பின்னாளில் கழற்றவும் எளிது.

அறிகுறி: போல்ட் கழல மறுக்கிறது

பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் அமெரிக்க மாநிலங்களில், அலுமினிய ரெயிலுக்குள் போட்ட துருவுறா எஃகுப் போல்ட் இரண்டு குளிர்காலத்துக்குள் இறுகிப்போகலாம். உப்பு நீர் இடையில் இருக்க, அலுமினியம் எஃகுக்காகத் தன்னை இழந்து வெள்ளைத் தூளாகிறது. அந்தத் தூள் திருகுக்குள் நிறைந்து பூட்டிவிடுகிறது. வலிந்து திருகினால் போல்ட் முறியும், அல்லது ரெயிலின் பள்ளமே கிழியும்.

ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாள் இரவே விட்டு வையுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் திசையில் சிறிது அசைத்து, பிறகு கழற்றும் திசையில் திருப்பி, இப்படி மாற்றி மாற்றி முன்னேறுங்கள். தொழிற்பட்டறையில் செய்வதுபோல் கேஸ் டார்ச்சை எடுக்காதீர்கள். போல்ட் சூடாகி இளகுமுன் அதன் பின்னாலுள்ள கலப்புப் பிளாஸ்டிக் கருகிவிடும், கருகிய ரெசின் இழைகளைப் பிடித்து வைப்பதில்லை. வெப்பம் வேண்டியே தீர வேண்டுமானால், சால்டரிங் அயனின் முனையைப் போல்ட்டின் தலையில் சில நிமிடம் வைத்துப் பிடியுங்கள். வெப்பம் போல்ட்டோடு நிற்கும்.

மீண்டும் மாட்டும்போது திருகுகளில் அவை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி சீஸ் பசையைத் தடவுங்கள். எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் நைலான் வாஷர் வைக்கலாம் என்று சிலர் சொல்வதை ஏற்க வேண்டாம், அது மீண்டும் ஒரு பிளாஸ்டிக்கைப் பிடிவிசையின் வழியில் கொண்டுவந்து வைக்கிறது. பசை தடவிய திருகு எளிதில் திரும்பும் என்பதால், உலர்ந்த திருகுக்கென்று கையேட்டில் கொடுத்த முறுக்கு விசையை அப்படியே வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கையேடு வேறு எண் தராவிட்டால் நான்கில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பெயின்ட் கோட்டைப் புதிதாக இழுத்துவிட்டு, முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒருமுறையும், கோடை தொடங்கும்போதும் பனிக்காலம் தொடங்கும்போதும் ஒவ்வொரு முறையும் டார்க் ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.